புங்குடுதீவுக் கரைக்கு ஒரு நாள்: முதல் முறை போகிறவர்களுக்கான செய்முறை

யாழ்ப்பாணத்தில் கடல் குளிக்கப் போவதென்றால் காரைநகர் கசூரினா, வேலணை சாட்டி என்ற இரண்டு பெயர்கள்தான் முதலில் வாயில் வரும். இரண்டு இடத்திலும் கடை உண்டு, நிழல் உண்டு, விடுமுறை நாளில் சனக்கூட்டமும் உண்டு. சாட்டியைத் தாண்டி அதே வீதியில் இன்னும் போனால் புங்குடுதீவு. அங்கே கரைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கடையும் உயிர்காப்பாளரும் உடை மாற்றும் அறையும் இல்லை. பனையும் வெண்மணலும் கண்ணாடி போன்ற ஆழமில்லாத கடலும் இருக்கின்றன. அவற்றோடு வலை காயவைக்கும் முற்றமும் வள்ளம் ஏற்றும் துறையும் யாரோ ஒருவரின் காணி எல்லையும் அதே மணலில்தான் இருக்கின்றன. பின்னால் வரும் படிகளில் பாதி இந்தக் கடைசி விடயத்தை மதித்து நடப்பதற்கானவை.

படி 1: நாளைத் தெரிவு செய்யுங்கள்

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் காற்று ஓய்ந்து கடல் தெளிந்திருக்கும். முதல் முறை போகிறவர்கள் இந்த மூன்று மாதங்களுக்குள் போவது நல்லது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும்; ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடையும் மழையும். அந்த மாதங்களிலும் போகலாம், ஆனால் கரையை யோசித்துத்தான் எடுக்க வேண்டும் (படி 2).

ஒரு எச்சரிக்கை. தீவுப் பகுதி வடக்கே ஏறத்தாழ 9.6 பாகை அகலக்கோட்டில் இருப்பதால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே விழும். அந்த நாட்களில் காலை பத்தரைக்குள் குளித்து முடித்துவிட வேண்டும்.

அடுத்து நாட்காட்டியில் அமாவாசையையும் பறுவத்தையும் (பௌர்ணமியையும்) பாருங்கள். பாக்குநீரிணைப் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு சிறிதுதான். ஆனால் நிலம் தட்டையாகக் கிடப்பதால், நீர் ஒரு முழம் இறங்கினாலே கரைக்கோடு வெகுதூரம் பின்னால் போய்விடும். அமாவாசை, பறுவத்தை அண்டிய நாட்களில் இது மேலும் கூடும். வற்று நேரத்தில் போய்ச் சேர்ந்தால் கடலுக்குப் பதிலாகச் சேறும் சாதாளையும்தான் (கரையொதுங்கும் கடற்புல்) கண்ணில் படும். படத்தில் பார்த்த கரை இதில்லை என்று பலர் ஏமாந்து திரும்புவது இதனால்தான். சில மணிநேரம் பொறுத்தால் அதே கரை நிறைந்துவிடும்.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும் நாட்களையும், அங்குள்ள பௌத்த விகாரையான நாகவிகாரைக்கு யாத்திரிகர் வரும் போயா (பறுவ நாள்) விடுமுறைகளையும் தவிருங்கள். நயினாதீவுப் படகுத்துறையான குறிகட்டுவான் புங்குடுதீவில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் வீதியும் பஸ்ஸும் நிரம்பி வழியும்.

படி 2: எந்தப் பக்கக் கரை என்று முடிவு செய்யுங்கள்

சோளகம் தெற்கு, தென்மேற்குப் பக்கத்திலிருந்து வருவது. அந்தக் காலத்தில் தீவின் தெற்கு, மேற்குக் கரைகளில் அலை எழும், தண்ணீர் கலங்கும், சாதாளை குவியும். வடக்கு, கிழக்குக் கரைகள் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழ். வழியில் பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். ஓலை சாயும் திசையில் உள்ள கரைதான் அமைதியானது.

இங்கேதான் புதியவர்கள் பிழை விடுகிறார்கள். அமைதியான அந்தக் கரையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்றடைத்த ரியூப்பையும் மிதவை மெத்தையையும் அது சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். அலை இல்லாததால் தூரம் போனது தெரியவும் மாட்டாது. பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் மிதவைச் சாமான்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 3: மூட்டை கட்டுங்கள்

குடிதண்ணீர் ஆளுக்கு 4 லீற்றர். இதில் சிக்கனம் வேண்டாம். தீவின் பல கிணறுகள் உவர். நன்னீர் உள்ள கிணறுகளிலும் அது உப்புநீருக்கு மேலே மெல்லிய வில்லை போல மிதக்கும் மழைநீர்தான். அளவுக்கு மீறி அள்ளினால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்த வீட்டாருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே உப்புக் கழுவவும் 5 லீற்றர்க் கான் ஒன்று தனியாகக் கொண்டுபோங்கள். கிணற்றடியில் நின்று குளிக்கக் கேட்காதீர்கள். தீவுக்காரர் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பதாலேயே கேட்கக் கூடாது.

ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பக்கற் இரண்டு. கிடைக்காவிட்டால் 1 லீற்றர் தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கரைத்துக்கொள்ளலாம்.

காலுக்குக் கயிறு கட்டும் பழைய சப்பாத்து. ரப்பர்ச் செருப்பு சேற்றில் உறிஞ்சப்பட்டு நின்றுவிடும். வெறுங்காலை முருகைக்கல்லும் மட்டி ஓடும் வெட்டும்.

சாப்பாட்டில் தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் வேண்டாம், வெயிலில் நண்பகலுக்குள் பழுதாகிவிடும். பாண், வாழைப்பழம், அவித்த கடலை, பொரித்த மீன் தாங்கும். இவற்றோடு தொப்பி, முழுக்கைச் சட்டை, உடை மாற்ற ஒரு பழைய சாரம், டோர்ச், அடையாள அட்டை, சில்லறைக் காசு, குப்பைக்கு இரண்டு உரப்பை.

படி 4: போய்ச் சேருங்கள்

யாழ். பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸைக் கேளுங்கள்; தட இலக்கம் 776. பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாகப் போய், கடலின் நடுவே நீளும் வாணர் பாலத்தால் புங்குடுதீவில் ஏறும். ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கலாம். மலசலகூடத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே போய்விட்டு ஏறுங்கள். ஏறியவுடன் நடத்துநரிடம் இரண்டு கேள்வி: நான் போகும் கரைக்கு எந்தச் சந்தியில் இறங்க வேண்டும், பின்னேரம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இரண்டாவதைக் கேட்க மறந்தவர்கள் இருட்டில் சந்தியில் நிற்க வேண்டிவரும்.

மோட்டார் சைக்கிளில் போனால் பெற்றோலை யாழ்ப்பாணத்திலேயே நிரப்புங்கள். சோளகக் காலத்தில் பாலங்களில் பக்கக் காற்று பலமாகத் தள்ளும். வேகத்தைக் குறைத்து நடுவாக ஓடுங்கள். மாடுகள் வீதியில் படுத்திருக்கும். கரையில் மணலுக்குள் இறக்காமல் இறுகிய தரையில் நிறுத்தி, பக்கத் தாங்கிக்குக் கீழே தட்டைக் கல்லொன்று வையுங்கள். இல்லையென்றால் தாங்கி புதைந்து வண்டி சரியும். சில்லு புதைந்துவிட்டால் முறுக்காதீர்கள், இன்னும் ஆழப் போகும். காவோலையைச் சில்லின் கீழே செருகித் தள்ளினால் வெளியே வரும்.

வழியில் கூரையற்ற வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் நிறையத் தெரியும். போரில் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள் அவை. உரிமையாளர் வவுனியாவிலோ கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். குறுக்குவழி என்று உள்ளே நுழையாதீர்கள், படம் எடுக்கும் இடமாக்காதீர்கள். பராமரிப்பற்ற கிணறுகள் புல்லுக்குள் மறைந்து கிடப்பதும் உண்டு.

படி 5: இறங்குவதற்கு முன் கேளுங்கள்

கரையில் வாடி (மீனவர் கொட்டில்) ஏதாவது தெரிந்தால் நேரே அங்கே போங்கள். வலை பொத்துகிறவரிடம் இப்படிக் கேட்டால் போதும்: “அண்ணை, இந்தக் கரையிலை குளிக்கலாமோ? பள்ளம் எங்கை இருக்கு?” வயதானவரென்றால் ஐயா. இந்த ஒரு கேள்வியால் எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் கிடைக்கும்: வள்ளப் பாதைக்காகத் தோண்டிய வாய்க்கால் எங்கே, உளைச்சேறு எந்தப் பக்கம், இன்றைக்குச் சொறி (ஜெல்லி மீன்) இருக்கிறதா.

கடலுக்குள் கம்பு நட்டு வலை அடைத்திருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். களங்கண்டி, சிறகுவலை என்பவை மீனை வழிமறிக்கும் நிலையான வலைகள். சதுரமாக அடைத்துக் காவற்கொட்டிலும் இருந்தால் அது கடலட்டைப் பண்ணை. உள்ளே ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் கிடக்கிறது. கரைவலை இழுபட்டால் இரண்டு கயிறுகளுக்கும் இடையில் குளிக்க இறங்காதீர்கள். மடி கரைக்கு வந்து மீன் பிரித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருங்கள், பார்க்க வேண்டிய காட்சிதான் அது.

கோயில் முகப்புக் கரையில் குளிப்பதும் மதுப் போத்தலோடு உட்காருவதும் கூடவே கூடாது. ஆணோ பெண்ணோ உடம்பை மூடிய உடையோடு இறங்குவதுதான் ஊர் வழக்கம்.

படி 6: கடலில் இறங்குங்கள்

பல இடங்களில் நூறு மீற்றர் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. இதை நம்பி நடந்துகொண்டே போவதுதான் ஆபத்து. வள்ள வாய்க்கால் வந்ததும் ஒரே அடியில் நெஞ்சளவு. நிறம் பாருங்கள்: வெளிர் பச்சை மணல், கரும்பச்சைத் திட்டு கடற்புல், நேர்கோடாக ஓடும் கருநீலம் வாய்க்கால்.

காலைத் தூக்கி வைக்காமல் மணலை உழுவது போல இழுத்து இழுத்து நடவுங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். மேலே மிதித்தால்தான் வாலால் அடிக்கும். பக்கத்தில் மணல் அசைந்தால் தானாகவே விலகிப் போய்விடும்.

கரையில் ஒதுங்கிய சாதாளையைப் பார்த்து அருவருக்க வேண்டாம். இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது அந்தப் புல்வெளியில்தான், கடற்பசு மேய்வதும் அதைத்தான். காய்ந்த குவியலைத் தோட்டத்துக்குப் பசளையாக அள்ளுவதும் யாழ்ப்பாணத்தில் பழைய வழக்கம். மணலில் படரும் அடம்பன் கொடியையும் பிடுங்காதீர்கள். காற்றில் மணல் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அது. இராவணன் மீசைப் புல்லைத் தள்ளியே நடவுங்கள், நுனி ஊசிபோலக் குத்தும். உயிருள்ள முருகையை உடைப்பது சட்டப்படி குற்றம்.

படி 7: நிழலில் இருங்கள்

பூவரசு அல்லது வேம்பின் கீழ். பனையின் கீழே ஒருபோதும் பாய் விரிக்காதீர்கள்: காவோலை கருக்கு மட்டையோடு சொல்லாமல் விழும், ஆடி, ஆவணியில் பனம்பழமும் விழும். சாப்பாட்டுப் பையைக் கிளையில் கட்டுங்கள். காகம், நாய், மாடு மூன்றும் வரும். மாடு பொலித்தீனோடு சேர்த்தே தின்றுவிடும், பிறகு அது வயிற்றில் அடைத்துச் சாகும்.

படி 8: காயம் பட்டால்

திருக்கை அடித்தால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான (45 பாகை செல்சியசுக்கு மேற்படாத) வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வையுங்கள். நச்சு சூட்டில் செயலிழக்கும், நோவு குறையும். வாடியில் கேட்டால் அடுப்பு மூட்டித் தருவார்கள். முள் ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். எப்படியானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். சொறி பட்ட இடத்தைக் கடல்நீராலேயே கழுவுங்கள். நன்னீரும் மணல் தேய்ப்பும் எரிவைக் கூட்டும். இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. பாலங்களைக் கடந்து வர நேரம் எடுக்கும் என்பதால் யோசித்துக்கொண்டிராமல் உடனே அழையுங்கள்.

படி 9: திரும்புங்கள்

பொழுது ஆறேகாலை ஒட்டிச் சாயும். மேற்குக் கரையில் அதைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ்ஸை நம்ப முடியாது, சொந்த வாகனம் வேண்டும். இருட்டியபின் பற்றைகளுக்கு இடையே டோர்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. சுருட்டை விரியன் வடக்கின் வறண்ட மணல் நிலத்தில் வாழும் பாம்பு, சிறியது, எளிதில் கண்ணில் படாது.

புறப்படும்போது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து, போத்தல் மூடி, நூல், உறை எல்லாவற்றையும் உரப்பையில் போட்டு யாழ்ப்பாணம்வரை கொண்டுவாருங்கள். அந்தக் கரையில் குப்பைத்தொட்டி இல்லை. பொலித்தீன் கடலில் விழுந்தால் அடுத்த நாள் வள்ளத்தின் இயந்திர விசிறியில் சுற்றும். காலையில் வழி சொன்னவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பொழுதுபடும்வரை உங்களை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். வீடு வந்ததும் மோட்டார் சைக்கிளை நன்னீரால் கழுவி, காய்ந்தபின் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். அன்றிரவே செய்ய வேண்டும், உப்பு ஒரு இரவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.