விலை ஏறுகிறதென்ற அவசரத்தில் வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

சென்னையில் வீடு பார்க்கக் கிளம்பும் எவரும் முதல் நாளே கேட்கும் வாக்கியம், “இப்போது விட்டால் அடுத்த வருடம் இந்த விலைக்குக் கிடைக்காது” என்பதாகும். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருந்துவிடுவதால், கேட்பவர் அதற்குமேல் எதையும் கணக்குப் பார்க்காமல் முன்பணத்தை நீட்டிவிடுகிறார். விலையேற்றத்தைத் தடுக்க வாங்குபவரால் முடியாது. ஆனால் அந்த அச்சத்தில் நேரும் பிழைகளால் வீட்டின் விலைக்கு மேலும் பல லட்சங்கள் கைவிட்டுப் போவதைத் தடுக்க முடியும்.

விற்பவர் சொல்லும் விலையையே மொத்தச் செலவாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. புறநகரில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு மறுவிற்பனை வீட்டைப் பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு என்பதால், வங்கி அதிகபட்சம் 48 லட்சம் தரும்; மீதி 12 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து இன்னும் 5.40 லட்சம் ஆகும், அதை வங்கி வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடாது. ஆக, வழக்கறிஞர் கட்டணம், தரகு, மர வேலை எதையும் தொடுவதற்கு முன்பே 17.40 லட்சம் ரொக்கமாகத் தேவைப்படுகிறது. இந்தப் பள்ளத்தைப் பத்திரப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு கண்டுபிடிப்பவர்கள்தான் தனிநபர் கடனுக்கும் நகைக் கடனுக்கும் ஓடுகிறார்கள். வீட்டுக் கடனைவிட வட்டி கூடுதலான அந்தக் கடன்களின் தவணையும் அதே சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது, ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரியாதது. மாதத் தவணை கட்டுக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துக் கடனின் காலத்தை நீட்டிக்கொள்கிறோம். 50 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை சுமார் 43,390 ரூபாய். 30 ஆண்டுகளுக்கு வாங்கினால் சுமார் 38,450 ரூபாய். மாதம் ஐயாயிரம் ரூபாய்கூடக் குறையாத இந்தச் சலுகைக்காகக் கட்டும் மொத்த வட்டி ஏறத்தாழ 54 லட்சத்திலிருந்து 88 லட்சமாக உயர்கிறது. வேறு வழியில்லாமல் நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுத்தாலும், சம்பளம் உயரும்போது அசலில் கூடுதலாகக் கட்டிவருவது நல்லது. மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி என்றாலும், கடன் வாங்கியவர்களில் பலர் இதை அறியாமலேயே இருக்கிறார்கள்.

“வாடகை கொடுப்பது வீண், அதைத் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும்” என்ற வாதத்தையும் இங்கேயே சோதித்துவிடலாம். மேற்சொன்ன 20 ஆண்டுக் கடனின் முதல் தவணையில் 35,417 ரூபாய் வட்டி. அசலில் கழிவது 8,000 ரூபாய்க்கும் குறைவு. அதாவது முதல் சில ஆண்டுகளில் வங்கிக்குக் கொடுக்கும் வாடகை, வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாடகையைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். வரிச் சலுகை அதை ஈடுகட்டும் என்று நம்புவோரும் கவனிக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு, இப்போது இயல்பாகப் பொருந்தும் புதிய முறையில் கிடையாது. இதற்காக வாடகை வீட்டிலேயே இருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீடு வாங்கப் பாதுகாப்பும் பிள்ளைகளின் பள்ளியும் போன்ற நல்ல காரணங்கள் இருக்கின்றன, ஆனால் இந்தக் கணக்கு அவற்றில் ஒன்றாகாது.

வட்டி விகிதம் இன்று இருப்பதுபோலவே இருக்கும் என்ற நம்பிக்கை எப்படிப் பொய்க்கும் என்பதற்கு 2022 நல்ல பாடம். அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமானது. 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு 50 லட்சம் வாங்கியவரின் தவணை சுமார் 38,020 ரூபாய், வட்டி 9.25 சதவீதமானால் முழு 50 லட்சத்துக்கும் ஒரு மாத வட்டி மட்டுமே 38,540 ரூபாயைத் தாண்டும்; அதாவது பழைய தவணை வட்டிக்கே போதாது. தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் வங்கி நீட்டிக்கொண்டே போனதால், ஓய்வு வயதையும் தாண்டிக் கடன் ஓடுவதைப் பலர் தாமதமாகத்தான் அறிந்தார்கள். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வட்டி 2 சதவீதம் ஏறினாலும் தவணையைத் தாங்க முடியுமா என்று கடன் வாங்கும் முன்பே போட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது.

அடுக்ககம் வாங்குவோர் சதுர அடி விலையில் ஏமாறுவது வழக்கம். 1,000 சதுர அடி, அடிக்கு 7,500 ரூபாய் என்று சொல்லப்படும் வீட்டில், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றின் பங்கைக் கழித்தபின் காலடி வைக்கும் கார்பெட் ஏரியா 700 சதுர அடிதான் என்றால், உண்மை விலை அடிக்கு 10,700 ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டு குடியிருப்புகளை ஒப்பிடும்போது கார்பெட் ஏரியாவையும், யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கையும் வைத்தே ஒப்பிட வேண்டும். கட்டடம் பழசாகித் தேய்ந்தபின் மதிப்போடு நிற்பது அந்த நிலப் பங்குதான்.

திட்டம் தொடங்கும் முன்பே வாங்கினால் மலிவு என்று சொல்லும் “ப்ரீ-லாஞ்ச் விலை” என்ற தூண்டிலும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரப்படுத்தவோ முன்பதிவு வாங்கவோ 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தரவில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது.

வங்கி கடன் கொடுத்துவிட்டதால் பத்திரங்கள் சரியாக இருக்கின்றன என்று முடிவு செய்வதும் தவறு. வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் நலனுக்காகப் பார்க்கிறார். உங்கள் நலனுக்குத் தனியாக ஒருவர் வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே வரும். பதியாத உயிலோ, பாகம் கிடைக்காத ஒரு வாரிசோ அதில் தெரியாது. தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கை மாறலையும் கோத்துப் பார்ப்பதோடு, மனையாக இருந்தால் நகரமைப்புக்கான அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபியின் அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும்.

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்ற பேச்சுக்கு இணங்குபவர் முத்திரைத் தீர்வையில் சில ஆயிரங்களோ சில லட்சமோ மிச்சப்படுத்துகிறார். பிறகு அவர் விற்கும்போது, பத்திரத்தில் உள்ள குறைந்த தொகையே வாங்கிய விலையாகக் கொள்ளப்பட்டு, மூலதன ஆதாய வரி கூடிவிடுகிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது என்பதையும் பலர் மறந்துவிட்டு, பிறகு வட்டியோடு கட்டுகிறார்கள்.

நகருக்குள் முடியாதென்று புறநகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை வெயிலில்தான் மனை பார்க்கிறார்கள். காய்ந்து கிடக்கும் நிலம் எல்லாமே மேடாகத்தான் தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் 2023 டிசம்பரில் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தன என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டாலே போதும். முடிந்தால் கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள் ஒருமுறை போய்வர வேண்டும்.

கடனை அடைத்து முடித்த நாளிலும் ஒரு தவறு காத்திருக்கிறது. தடையில்லாச் சான்றை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அடமானப் பதிவை ரத்து செய்யும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.