நீங்கள் தனிப்பெற்றோர் என்பதை பிரிட்டனின் உதவித்தொகை விசாரணையில் நிறுவுவது எப்படி

வீட்டில் ஓர் ஆள் இல்லை என்பதற்கு எந்த அலுவலகமும் சான்றிதழ் தருவதில்லை. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகையைப் பெறும் தனித்தாய் அல்லது தனித்தந்தை ஒருவரிடம், "நீங்கள் இன்னொருவருடன் இணையராக வாழ்கிறீர்கள்" என்று அந்தத் தொகையை வழங்கும் அரச திணைக்களமான டி.டபிள்யூ.பி. சொல்லும்போது பலர் திகைத்துப்போவதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த மற்றவர் வேறெங்கே வாழ்கிறார் என்பதையும், உங்கள் வீடு உங்கள் ஒருவருடைய பொறுப்பில் எப்படி நடக்கிறது என்பதையும் காகிதங்களைக் கொண்டு காட்ட முடியும். விசாரணைக்கு ஆயத்தமாவது என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் திகதிவாரியாக ஒழுங்குபடுத்துவதுதான்.

சட்டம் எதைப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திருமணமாகாத இருவர் கணவன் மனைவியைப்போல வாழ்கிறார்களா என்பதை முடிவுசெய்ய, கிரேக் (Crake) என்ற பழைய உதவித்தொகை வழக்கின் தீர்ப்பிலிருந்து இன்றுவரை சில அடையாளங்கள் பயன்படுத்தப்படுகின்றன. இருவரும் ஒரே குடும்பமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்களா, உறவு நிலையானதா, பணத்தால் ஒருவரையொருவர் தாங்குகிறார்களா, பாலுறவு உண்டா, பிள்ளைகள் உண்டா, ஊரறிய இணையராக நடந்துகொள்கிறார்களா என்பவையே அவை. இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று முடிவைத் தீர்மானிப்பதில்லை; முழு உறவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஓர் ஆள் ஏன் அந்த வீட்டில் இருக்கிறார் என்ற காரணமும் முக்கியமானது. கிரேக் வழக்குடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட பட்டர்வொர்த் வழக்கில், விபத்தில் காயமடைந்த பெண்ணைப் பார்த்துக்கொள்வதற்காக ஓர் ஆண் வந்து தங்கியதை, கணவன் மனைவியாக வாழ்ந்ததாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கண்டது. எனவே "அவர் இங்கே வருவதே இல்லை" என்று மிகைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை. அவர் வருவார் என்றால் எதற்காக வருகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், எங்கே உறங்குகிறார் என்பதை உள்ளபடி சொல்வதே உங்களுக்குப் பாதுகாப்பு.

கடிதம் வந்ததும் அது எவ்வகையான சந்திப்புக்கு அழைக்கிறது என்று கவனியுங்கள். சாதாரணச் சரிபார்ப்பு நேர்காணலில் உங்கள் விவரங்களும் ஆவணங்களும் கேட்கப்படும். எச்சரிக்கையின் கீழான நேர்காணல் (interview under caution) என்பது வேறு. அதில் நீங்கள் சொல்வது ஒலிப்பதிவு செய்யப்படும், குற்றவியல் வழக்கிலும் பயன்படலாம். அதற்குப் போகுமுன் சமூகநல உதவித்தொகைச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடமோ, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்திலோ ஆலோசனை பெறுங்கள். ஆலோசனை பெறுவதற்காகத் திகதியை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலம் பேச வருகிறது என்றாலும், இத்தகைய நாளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப்பெறுவது நல்லது. பிள்ளையையோ உறவினரையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்ல வேண்டாம். அவர்கள் பின்னர் உங்களுக்குச் சாட்சியாக வேண்டியிருக்கலாம்.

அடுத்து, உங்கள்மீது சொல்லப்படுவது சரியாக என்ன என்பதைக் கேட்டறியுங்கள். யார், எந்த முகவரியில், எந்தத் திகதி முதல் உங்களுடன் வாழ்வதாக அவர்கள் கருதுகிறார்கள்? தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கமாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது சில பகுதிகளைத் தராமல் விடலாம் என்றாலும், கேட்டுவைப்பது வீண்போகாது.

சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பல நேரங்களில் அது ஒரு முகவரிப் பொருத்தமாகவே இருக்கும். 2014 முதல் 2016 வரை வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்காக கொன்சென்ட்ரிக்ஸ் என்ற தனியார் நிறுவனம், அக்காலத்தில் அது வழங்கிய டாக்ஸ் கிரெடிட் என்ற உதவித்தொகையைப் பெற்றவர்களைச் சரிபார்த்தபோது, அதே முகவரியில் முன்பு குடியிருந்தவர்களின் பெயர்கள்கூட இணையராகக் கருதப்பட்டு, தனித்தாய்மார் பலர் பணமின்றித் தவித்தார்கள். நம்மவர்களுக்கு இதில் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. தந்தையின் பெயரே நமது கடைசிப் பெயராக இருப்பதால், உங்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தில் உள்ள ஆண் பெயர் உங்கள் அப்பாவினுடையதா, அண்ணனுடையதா, முன்னைய கணவருடையதா என்பது வெளியாருக்கு விளங்காது. பிள்ளைகளின் கடைசிப் பெயர் உங்களுடையதிலிருந்து வேறுபடுவதும் கேள்விக்கு இடமாகலாம். யார் யாருடைய பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அரைப் பக்கத்தில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களுடன் இணையுங்கள். உங்கள் கடன் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். முன்னைய கணவருடனான கூட்டுக் கணக்கு இன்னும் திறந்திருந்தால், அதை மூடி, அறிக்கையில் அவருடன் உங்களை இணைக்கும் நிதித் தொடர்பை நீக்கக் கோருங்கள்.

இப்போது அந்த மற்றவரைப் பற்றிய காகிதங்கள். அவருடைய வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரிக் கடிதம், வாக்காளர் பட்டியல் பதிவு, சாரதி அனுமதிப்பத்திரம், சம்பளச் சீட்டு, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு ஆகியவற்றில் வேறு முகவரி இருந்தால் அவை மிகவும் வலுவானவை. அவர் ஒத்துழைத்தால், எந்தத் திகதியிலிருந்து எங்கே வாழ்கிறார் என்று கையொப்பமிட்ட கடிதம் ஒன்றையும் பெறுங்கள். அவர் உங்களைத் துன்புறுத்தியவர் என்றால் அவரிடம் எதையும் கேட்டுப் போக வேண்டாம். அவரைத் தொடர்புகொள்வது ஆபத்தானது என்று அதிகாரிக்கு எழுத்தில் சொல்லி, பொலிஸ் முறைப்பாட்டு எண், நீதிமன்றத் தடையாணை, ஜி.பி. அல்லது பெண்கள் காப்பகத்தின் கடிதம் போன்ற உங்களிடம் இருப்பவற்றைக் கொடுங்கள்.

உங்கள் பக்கத்தில், வாடகை, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாம் உங்கள் பெயரிலேயே கட்டப்படுவதும், ஒரே வளர்ந்தவர் வாழும் வீட்டுக்குரிய 25 வீதக் கவுன்சில் வரிக் கழிவு உங்களுக்குக் கிடைப்பதும் பயனுள்ளவை. ஆயினும் அதிகாரிகள் நுணுக்கமாகப் பார்ப்பது வங்கிக் கூற்றுகளைத்தான். அவர்கள் கேட்கும் காலம் முழுவதற்குமான கூற்றுகளை நீங்களே முதலில் படியுங்கள். ஆண் பெயரில் வந்த, போன ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். நம்மவர்கள் கணக்கில் சீட்டுக்காசு வரும், ஊருக்கு அனுப்ப அண்ணன் போட்ட பணம் வரும், நகை மீட்கக் கைமாற்றாக வாங்கியது வரும். விளக்கம் இல்லாவிட்டால் இவையெல்லாம் ஓர் இணையரின் குடும்பச் செலவுப் பங்களிப்பாகவே தோன்றும். சீட்டுப் பிடித்தவரிடமிருந்து கடிதமோ, கைப்பேசிச் செய்திகளின் நகலோ கிடைத்தால் சேருங்கள். பிள்ளைகளின் தந்தை தரும் பராமரிப்புப் பணத்தை மறைக்க வேண்டியதே இல்லை; யுனிவர்சல் கிரெடிட்டில் அது வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை, மாறாக நீங்கள் பிரிந்திருப்பதற்கே அது சான்றாகும்.

தந்தை பிள்ளைகளைப் பார்க்க வருவதும், பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் இயல்பானவை. கோயில் திருவிழாவிலும் சாமத்தியச் சடங்கிலும் பெற்றோர் இருவரும் ஒன்றாக நின்ற படம் முகநூலில் இருக்கலாம். விவாகரத்து எடுக்காமல், தாலியைக் கழற்றாமல், உறவினரிடம்கூடப் பிரிவைச் சொல்லாமல் பிள்ளைகளுக்காக மௌனமாக வாழும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். "ஊரறிய" என்ற அடையாளம் இவர்களுக்குத்தான் மிகவும் பாதகமாக முடிகிறது. ஆகவே வெட்கத்தை ஒதுக்கிவைத்து, பிரிவை ஏன் வெளியில் சொல்லவில்லை என்பதை வாக்குமூலத்தில் தெளிவாக எழுத வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனித்தனிக் குடும்பங்களாக வாழ முடியும் என்பதைச் சட்டம் ஏற்கிறது. அப்படியானால் தனி அறை, தனிச் சமையல், தனிச் செலவு, வீடு மாற முடியாததன் காரணம் ஆகியவற்றை விவரமாகக் காட்டுங்கள்.

சாட்சிக் கடிதங்களில் "அவர் நல்லவர்" என்பதற்குப் பயனில்லை. பள்ளி அவசரத் தொடர்புக்கு யாரை அழைக்கிறது, அயலவர் அந்த வீட்டில் யாரைக் கண்டார், எத்தனை ஆண்டுகளாகக் காண்கிறார் என்பவை பயன்படும். இல்லாத ஒன்றை எழுதித் தரும்படி யாரையும் கேட்க வேண்டாம். ஒரு காலப்பகுதியில் உண்மையிலேயே அவருடன் சேர்ந்து வாழ்ந்திருந்தால், அது தொடங்கிய திகதியையும் முடிந்த திகதியையும் ஒப்புக்கொண்டு, மற்றக் காலத்துக்காக வாதாடுவதே சரியான வழி.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை (mandatory reconsideration), அதாவது திணைக்களமே தன் முடிவை மீண்டும் பார்ப்பதை, கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால், அந்த அறிவித்தலில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். காகிதத்தில் மட்டும் முடிக்காமல் நேரில் பேசும் விசாரணையைத் தெரிவுசெய்யும்படி அழுத்திச் சொல்வேன், ஏனெனில் இத்தகைய வழக்குகளில் உங்கள் வாய்மொழியே பெரிய சான்று. ஏற்கெனவே வழங்கிவந்த உதவித்தொகையை இணையர் உண்டென்று சொல்லி நிறுத்தும்போது, அதை நிறுவும் பொறுப்பு திணைக்களத்தினுடையது என்பதை உங்கள் மேன்முறையீட்டின் முதற்பந்தியிலேயே எழுதுங்கள்.