புதரை வெட்டுவதா, சருகை எரிப்பதா? வறண்ட இலையுதிர் காடுகளில் தீத்தடுப்புப் பணி செய்வோருக்கு

முதுமலை, சத்தியமங்கலம் போன்ற வறண்ட இலையுதிர் காடுகளில் ஜனவரிக்குப் பிறகு தீக்கு இரையாகக் காத்திருப்பவை மூன்று: காய்ந்து நிற்கும் உயரப் புல், தேக்கும் கருமருதும் உதிர்த்த சருகு, உண்ணிச்செடி (லாண்டானா) எனும் களைப் புதர். சருகுத் தீ தரையோடு ஊர்ந்து செல்லும். புல் தீ காற்றின் போக்கில் ஓடும். உண்ணிப்புதரோ ஏணியாக நின்று தரையில் எரிவதை மரக்கிளைக்கு ஏற்றிவிடும். எனவே பணியைத் தொடங்குமுன் எதைக் குறைக்கப் போகிறோம் என்பதோடு, அகற்றிய இடத்தில் அடுத்த மழைக்கு எது முளைக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு எரியப்போவது அதுதான்.

முதலில் இருப்பதைக் கணக்கெடுங்கள். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்கள் சிலவற்றைக் கல் நட்டு அடையாளமிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள மரக்கன்றுகளை இனவாரியாக எண்ணி, ஒரே இடத்தில் நின்று ஒரு படமும் எடுத்து வையுங்கள். கை வைக்காத பகுதியிலும் இதேபோன்ற கட்டங்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் காணும் மாற்றம் நம் பணியால் வந்ததா, மழையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

உண்ணிச்செடியை நிலமட்டத்தில் வெட்டுவது வீண் வேலை. வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து அது மறுபடி துளிர்க்கும். எரித்தாலும் பெரும்பாலும் அப்படியே. மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைக் குந்தாலியால் கொத்தி அறுத்து, புதரைத் தூக்கி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். கிளைகள் மண்ணில் பட்டு வேர்விடாமலிருக்கவே இந்தக் கவிழ்ப்பு. பொக்லைன் போன்ற எந்திரத்தால் பிடுங்கினால் வேலை விரைவாக முடியும். ஆனால் கிளறிய வெற்று மண் பார்த்தீனியக் களைக்கு விரித்த பாயாகிவிடும், புதருக்குள் பதுங்கி வளர்ந்த நெல்லி, சரக்கொன்றைக் கன்றுகளும் நசுங்கிப்போகும். கைவேலைக்குக் கூலி கூடுதலானாலும் அதையே நான் பரிந்துரைப்பேன். பழந்தின்னும் பறவைகள் அமரும் மரங்களின் அடியில் எச்சத்தோடு விழுந்த விதைகள் கூட்டமாக முளைக்கும் என்பதால், அந்த நாற்றுகளை அடுத்த சில மழைக்காலங்களுக்கும் தேடிப் பிடுங்க வேண்டும். அகற்றிய புதரைக் குவித்து எரிக்க நேர்ந்தால் மரத்தடியில் குவிக்காதீர்கள். நெடுநேரம் ஒரே இடத்தில் கனலும் குவியல், கீழேயுள்ள விதைகளையும் வேர்களையும் சுட்டுவிடும். (கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் இந்தத் தண்டுகளைக் கொண்டே நிஜ யானையளவுச் சிற்பங்கள் செய்கிறார்கள்; எரிப்பதைவிட நல்ல வழி.)

உண்ணி போன இடத்தில் வெயில் இறங்கியதும் புல் எழும். மானுக்கும் காட்டெருதுக்கும் அது மேய்ச்சல். ஆனால் கோடையில் அதுவே எரிபொருள். ஏணித் தீ குறைந்து தரைத் தீ கூடும் என்பதே இங்கு நிகழும் பேரம். முதுமலையில் 1988-இல் தொடங்கிய ஐம்பது ஹெக்டேர் ஆய்வுக் களத்தின் நீண்டகாலப் பதிவுகளிலும் தெரிவது இதுவே: தடித்த பட்டையுள்ள முதிர்ந்த மரங்களைத் தரைத் தீ அதிகம் தொடுவதில்லை, சிறு தண்டுகளே மாள்கின்றன. அவற்றில் பல வேரிலிருந்து மீண்டும் தளிர்த்தாலும், தீக்கு எட்டாத உயரத்தை அடையச் சில ஆண்டுகள் தீயில்லாத இடைவெளி தேவை. ஆகவே புல்லையும் சருகையும் முன்கூட்டியே எரிப்பதானால், காட்டின் ஒரே துண்டை ஆண்டுதோறும் எரிக்காமல் துண்டுகளை மாற்றி மாற்றி எடுங்கள்.

தீ தாண்டாமலிருக்கப் புல்லும் சருகும் அகற்றி வைக்கும் பட்டைகளான தீத்தடுப்புக் கோடுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவை ஆண்டுதோறும் சுத்தமாக இருந்தாக வேண்டும். அங்கே கன்றுகள் நிலைக்காது, புல்லே நிலைக்கும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, கோட்டைத் தேவைக்கு மேல் அகலப்படுத்தாமல், ஓரத்தில் களை நுழைகிறதா என்று பார்த்துவந்தால் போதும்.

சருகை முன்கூட்டியே எரிக்கும் முறை புதிதன்று. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்திலேயே, புல் முற்றிலும் காயுமுன், ‘தரகு பெங்கி’ எனும் சருகுத் தீயை இட்டுவந்தனர். 1974-இல் அம்மலை சரணாலயமானபின் அது நின்றது. அதன்பிறகே உண்ணி மண்டியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்பது அவர்களின் கூற்று. ஆனால் அன்றைய மெல்லிய தீ, புதரற்ற காட்டில் இடப்பட்டது. இன்று உண்ணி மண்டிய காட்டில் அதையே இட்டால் மெல்லிய தீயாக இராது. எனவே வரிசை முக்கியம்: முதலில் புதரை எடுத்து, புல் பிடித்தபின், பனி ஈரம் முழுதும் உலராத காலை வேளையில், காற்றில்லாத நாளில் சிறு துண்டாக எரிக்க வேண்டும். வனத்துறையே முன்னின்று செய்யவேண்டிய வேலை இது. சரணாலயத்துக்குள் தீ வைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளிகளுக்கு இந்த முறையை எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே பரவியிருக்கும் ஸ்காட்ச் புரூம் செடியின் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கி, தீயின் சூடு பட்டதும் முளைப்பவை.

மறுகணக்கெடுப்பை மழைக்காலம் முடிந்ததும், நட்ட கற்களை மறைக்குமளவு புல் உயருமுன் செய்துவிடுங்கள். புல்லின் அடர்த்தியைவிட, முழங்காலைத் தாண்டிய கன்றுகள் எத்தனை, அவை எந்தெந்த மரங்களுடையவை என்பதையே முதலில் எழுதுங்கள்.