40 நிமிடப் பாடவேளையைக் குழப்பமில்லாமல் கொண்டுபோவது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் முதல் நியமனத்தில் போகிறவர்கள் கூடுதலாகப் பயப்படுவது வகுப்பின் சத்தத்துக்குத்தான். அந்தச் சத்தம் பெரும்பாலும் குழப்படிக்காரப் பிள்ளைகளால் வருவதல்ல. செய்ய வேலை இல்லாத இரண்டு மூன்று நிமிடங்களில்தான் அது தொடங்கும்: இடாப்புக் கூப்பிடும்போது, வெண்கட்டி தேடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு பலகை நிறைய எழுதும்போது. கீழே உள்ள படிகளில் பாதி அந்தச் சும்மா நேரத்தை அடைப்பதற்கானவை. உதாரணத்துக்குத் தரம் 7 கணித வகுப்பு, 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: முதல் 5 நிமிடம்

வகுப்புக்குள் போனதும் எதுவும் பேசாமல் பலகையின் இடது மூலையில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். முதலாவது எல்லோருக்கும் வர வேண்டும், மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும்.

1. ஏக்கருக்கு 24 மூடை நெல் என்றால் 3 ஏக்கருக்கு எத்தனை?
2. அரை ஏக்கருக்கு எத்தனை?
3. மூன்றரை ஏக்கருக்கு எத்தனை?

முதல் இரண்டுக்கும் 72, 12 என்று விடை கண்ட பிள்ளைக்கு மூன்றாவதின் 84 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பின்னங்களைப் பெருக்கத் தெரியாத பிள்ளையும் கூட்டிப் பார்த்துவிடும். படிப்பில் ஆர்வம் இல்லை என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் பலருக்குக் குறைவது ஆர்வம் அல்ல. தன் கையால் ஒரு கணக்குச் சரிவந்த அனுபவம்தான். மூன்றையும் கஷ்டமாகப் போட்டால் பின்வாங்கில் இருப்பவர்கள் முதல் நிமிடத்திலேயே கொப்பியை மூடிவிடுவார்கள்.

அவர்கள் எழுதும்போது இடாப்பை முடியுங்கள். பெயர் கூப்பிடத் தேவையில்லை, வெறும் கதிரைகளைப் பார்த்தாலே போதும். பஸ் பிந்தியோ சைக்கிள் காற்றுப் போயோ தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி விசாரிக்க வேண்டாம். உள்ளே வந்து எழுதட்டும், காரணத்தை இடைவேளையில் கேட்கலாம். வாசல் விசாரணை 29 பேருக்கு நாடகம்.

படி 2: கேள்வி முதலில், பெயர் பிறகு

"தங்கச்சி, நீர் சொல்லும், இதில் பாதி எவ்வளவு?" என்று கேட்டால் மற்றவர்கள் அந்தக் கணமே யோசிப்பதை விட்டுவிடுவார்கள். கேள்வியைச் சொல்லுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள், மூன்று செக்கன் பொறுத்தால் விடைகள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் காட்டினார். அந்த மூன்று செக்கன் முதல் வாரத்தில் மிக நீளமாகத் தெரியும். பயந்து நீங்களே விடையைச் சொல்லிவிட்டால், ரீச்சர் எப்படியும் சொல்லுவா என்று பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

படி 3: சத்தம் கூடினால்

அதற்கு மேலால் கத்த வேண்டாம். உங்கள் குரல் ஏற ஏற அவர்களுடையதும் ஏறும், இரண்டாம் தவணைக்குள் தொண்டை போய்விடும். வசனத்தைப் பாதியில் நிறுத்துங்கள். கதைக்கும் பிள்ளையின் மேசைக்கு நடந்துபோய், பக்கத்தில் நின்று, அவருக்கு மட்டும் கேட்கக்கூடியதாக, "தம்பி, இரண்டாவதில எங்க நிக்கிறீர்?" என்று கேளுங்கள். ஏச்சு இல்லை, வேலையைப் பற்றிய கேள்வி மட்டும். எல்லோர் முன்னிலும் ஏசினால் அந்தப் பிள்ளை கூட்டாளிகளுக்கு முன்னால் மரியாதையைக் காப்பாற்றத்தான் பார்க்கும், கணக்கைப் பார்க்காது.

தடி வேண்டாம். உடல் ரீதியான தண்டனைக்குக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை இடம் தரவில்லை. அது ஒருபுறமிருக்க, அடிக்குப் பயந்து அடங்கும் வகுப்பு நீங்கள் வெளியே போனதும் பழையபடி கிளம்பும்.

படி 4: பாராட்டு

"கெட்டிக்காரி" என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை பிழைத்தால் அந்தப் பெயர் போய்விடுமே என்று அந்தப் பிள்ளை கை தூக்கத் தயங்கும். செய்ததைச் சொல்லுங்கள்: "அரை ஏக்கரைத் தனியாக எடுத்துக் கூட்டினது நல்ல வழி." ரொபி கொடுப்பதை மறந்துவிடுங்கள். ரொபி முடியும் நாளில் கைகளும் இறங்கிவிடும்.

படி 5: வராத பிள்ளைகள்

பெரும்போக அறுவடைக் காலத்தில் சில வீடுகளில் பெரிய பிள்ளைகள் வயலில் நிற்பார்கள், அல்லது தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பிச் சோடியை, அதாவது வராத நாளின் பாடத்தைத் தன் கொப்பியில் காட்டும் கூட்டாளியை, முதல் வாரத்திலேயே குறித்துவிடுங்கள், ஒரே ஊர்க்காரராக இருந்தால் நல்லது. திரும்பி வந்த பிள்ளை விட்டதெல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. முக்கியமான ஓர் உதாரணமும் இரண்டு கணக்கும் போதும். பத்துப் பக்கம் பார்த்து எழுதச் சொன்னால் மறுநாளும் வராது.

படி 6: கடைசிப் பாடவேளை

தகரக் கூரைக்குக் கீழே, மதியம் பன்னிரண்டரை தாண்டியபின் விரிவுரை எடுபடாது. புதுப் பாடத்தைக் காலைக்கு வைத்துவிட்டு, இதில் சோடி வேலை கொடுங்கள். வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போவதானால் கேள்விகளை அரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பலகை இல்லாமல் வாயால் சொல்லத் தொடங்கினால் பின்னால் இருப்பவருக்குக் கேட்காது, பிறகு அவர் ஆட்டுக்குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

படி 7: மணி அடிக்க 3 நிமிடம்

கிழித்த தாள் துண்டில் ஒரே ஒரு கணக்கு, பெயருடன், வாசலில் உங்கள் கையில் தந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சரி, வழி சரி ஆனால் விடை பிழை, தொடங்கவே இல்லை. 30 துண்டுக்குப் பத்து நிமிடம் போகும். புள்ளி போட வேண்டாம், போட்டால் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். மூன்றாம் அடுக்கு பத்தைத் தாண்டினால் புதுப் பாடத்துக்குப் போகாமல், அவர்கள் எந்த இடத்தில் நின்றார்களோ அதையே மறுநாள் இடது மூலையின் முதல் கேள்வியாக எழுதுங்கள்.