பழைய அறிவியல் நூல்களுக்கு ஒரு மின்னூலகம்: முதல் பத்து நூல்களை எப்படிச் செய்வது?

கல்லூரி நூலகத்தின் பின்னறையிலோ, ஊர் வாசகசாலையின் அடித்தட்டிலோ, தாத்தா வீட்டுப் பரணிலோ பழைய அறிவியல், மருத்துவ நூல்கள் சில கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை மின்வடிவாக்கி எல்லோரும் படிக்கும்படி வைக்க ஆசை. இந்த ஆசையோடு வருகிறவர்கள் ஸ்கேனர் வாங்கலாமா, கேமரா வாங்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கும் முன்னால் ஒன்றை யோசித்துவிடுங்கள்: இந்த நூல் தேவைப்படுகிறவர் தேடல் பெட்டியில் என்ன சொல்லைத் தட்டுவார்?

ஒரு நூலை வைத்தே பார்ப்போம். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுவை சிகிச்சை நூல் 1867இல் வந்தது, பெயர் 'இரணவைத்தியம்'. உடற்கூற்றியல் நூல் 1872இல் வந்தது, பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. இன்று சென்னையில் ஒரு மாணவி 'வேதியியல்' என்று தேடுவாள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'இரசாயனவியல்' என்று தேடுவார். இரண்டு பேருக்கும் கெமிஸ்தம் அகப்படாது. எத்தனை அழகாக ஸ்கேன் செய்திருந்தாலும், தேடி வந்தவருக்கு அது இல்லாத நூல்தான். அறிவியல் வரலாற்று நூல்களில் இந்தச் சிக்கல் மற்ற நூல்களைவிட அதிகம், ஏனென்றால் துறையின் பெயரே மாறிவிட்டிருக்கும். கீழே சொல்லும் படிகளில் நான்காவதுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

1. பட்டியல் போட்டு, பத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்து, கையில் இருக்கும் நூல்களின் தலைப்பு, ஆண்டு, பக்க எண்ணிக்கை, தாளின் நிலை ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் 'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகத் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற உலக மின்காப்பகம் மூன்றிலும் தேடிப் பாருங்கள். அங்கே நல்ல தரத்தில் ஏற்கெனவே இருந்தால் உங்கள் உழைப்பை வேறு நூலுக்குத் திருப்பலாம். உங்கள் பிரதியின் ஓரத்தில் ஒரு பழைய மாணவர் எழுதிய குறிப்புகள் இருந்தால் அது வேறு கதை. அந்தப் பிரதி உலகில் ஒன்றுதான். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

முதல் சுற்றுக்குப் பத்து நூல் போதும். தடிமன், சன்னம், நொறுங்கியது, நல்லது என்று கலந்து எடுங்கள். ஒரு நூலுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், மீதி நூல்களுக்கான திட்டம் அந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடும்.

2. உரிமையைப் பாருங்கள்

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு, இலங்கையில் 70. கிறீன் 1884இல் காலமானார், அவர் எழுதியவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் 1950களின் பாடநூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் 1970இல் இறந்திருந்தால் இந்தியாவில் 2030 முடியும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

3. படமெடுங்கள்

இராமபாணப் பூச்சி அரித்த நூலை முழுதாக விரித்துக் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்காதீர்கள், முதுகு பிளந்துவிடும். இரண்டு அட்டைப் பலகைகளை விரித்த புத்தகம்போல் சாய்த்து ஒரு தாங்கி செய்து, நூலைச் செங்கோண அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். மேலே கேமரா, இரு பக்கமும் சாய்வாக ஒரே மாதிரி விளக்குகள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. குறிப்பெழுதப் பென்சில் மட்டும்.

நூல் பக்கத்துக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். இடம் எவ்வளவு பிடிக்கும்? 6க்கு 9 அங்குலப் பக்கம் என்றால் 2400க்கு 3600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 26 எம்பி. 300 பக்க நூலுக்கு ஏறக்குறைய 8 ஜிபி. இதுதான் மூலக்கோப்பு, இதைத் திருத்தவே கூடாது. வாசகருக்குக் கொடுக்க இதிலிருந்து சிறிய ஜேபெக்கும் பிடிஎஃப்பும் செய்துகொள்ளலாம்.

கோப்புப் பெயரில் தலைப்பை எழுத வேண்டாம். 0042-0013 என்றால் 42ஆம் நூலின் 13ஆம் படம், அவ்வளவுதான். வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் விடாமல் எடுங்கள். அப்புறம், நூலைத் திருப்பி அலமாரியில் வைக்கும் முன் படங்களின் எண்ணிக்கையையும் பக்கங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுவிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டு, இரண்டு பக்கங்களுக்காக ஒரு நூலை மறுபடி கட்டவிழ்க்க வேண்டியதாயிற்று. அந்தத் தாள் இரண்டாம் முறை திறப்பதற்குரிய தாள் இல்லை.

4. விவரக்குறிப்பு எழுதுங்கள்

விவரக்குறிப்பு என்பது தலைப்பு, பெயர், ஆண்டு என்று நூலைப் பற்றிய தகவல்கள். அதை எழுதத் தொடக்கத்துக்கு டப்ளின் கோர் என்ற முறை சரியாக இருக்கும். அயர்லாந்து டப்ளின் இல்லை. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து டப்ளின் நகரில் 1995இல் கூடிய பட்டறையில் பிறந்தது. மொத்தம் 15 புலங்கள், அதாவது தகவல் கட்டங்கள்; எல்லாவற்றையும் நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. நம் நூலுக்கு இப்படி எழுதலாம்:

தலைப்பு: கெமிஸ்தம்
பங்களிப்பாளர்: கிறீன், சாமுவேல் பிஸ்க், 1822–1884
காலம்: 1875
மொழி: தமிழ்
பொருள்: வேதியியல், இரசாயனவியல், ரசாயனம், பாடநூல்கள், மருத்துவக் கல்வி, யாழ்ப்பாணம்
அடையாள எண்: 0042

தலைப்பை ஏட்டில் உள்ளபடி ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுங்கள். 'கெமிஸ்தம்' என்பதை 'வேதியியல்' என்று நீங்கள் திருத்தினால், அந்தக் காலத்தில் ஒரு துறைக்குத் தமிழில் பெயர் தேடிய முயற்சியின் தடயமே அழிந்துபோகும். இன்றைய சொற்களையெல்லாம் 'பொருள்' புலத்தில் சேருங்கள். தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு இரண்டும் இருக்கட்டும். 'இ' சேர்த்து எழுதுவது, சேர்க்காமல் எழுதுவது இரண்டும் இருக்கட்டும்.

பெயருக்கும் இதே கவனம் வேண்டும். கிறீன், கிரீன், க்ரீன் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒன்றை நிலையான வடிவமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தனித்தாளில் 'இதையும் பார்க்க' என்று அதோடு இணையுங்கள். எத்தனை பேர் வேலை செய்தாலும் எல்லோரும் அந்தத் தாளைப் பார்த்தே பெயர் எழுத வேண்டும்.

ஆண்டில் ஒரு பொறி இருக்கிறது. பழைய நூல்கள் சிலவற்றில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கும். 'யுவ' என்று இருந்தால் அது 1875ஆகவும் இருக்கலாம், 1935ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். அச்சகத்தின் பெயர், தாள், எழுத்துரு இவற்றைப் பார்த்து முடிவு செய்து, ஏட்டில் உள்ளதையும் நீங்கள் கணித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தை முதல் பங்குனி வரை வந்த நூலுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும்.

5. எழுத்தாக்கம்

படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றுவது ஓசிஆர். டெசராக்ட் என்ற இலவச ஓசிஆர் மென்பொருள் தமிழைப் படிக்கும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னை, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களில் தடுமாறும். வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரியில் தொடர்ந்திருந்தால் அங்கேயும் தேடல் தவறும். முழு நூலையும் திருத்த நேரம் இராது. பொருளடக்கத்தையும் கலைச்சொல் பட்டியலையும் மட்டுமாவது கையால் தட்டச்சு செய்துவிடுங்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சொற்களைத் தேடித்தான் வருவார்கள் என்பது என் எண்ணம்.

6. காப்பகம்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இரண்டு ஹார்டு டிஸ்க்கை ஒரே மேசை இழுப்பறையில் வைத்தால் வெள்ளத்துக்கு அது ஒரே பிரதிதான்.

ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் செக்சம் எடுத்து விரிதாளில் சேமியுங்கள். கோப்பின் கைரேகை மாதிரி அது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்து ஒப்பிட்டால், எந்தப் பிரதி கெட்டிருக்கிறது என்று தெரிந்து நல்ல பிரதியிலிருந்து மாற்றிவிடலாம்.

7. வெளியிட்ட பிறகு

தளம் அமைக்க, சின்னத் தொகுப்புக்கு ஒமேகா (Omeka), பல்கலைக்கழக அளவுக்கு டிஸ்பேஸ் (DSpace). இரண்டும் கட்டற்ற மென்பொருள். எதை எடுத்தாலும், விவரக்குறிப்புகளை ஒரே சொடுக்கில் விரிதாளாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள். மென்பொருள் மாறும் நாள் வரும்போது அந்த விரிதாள்தான் கைகொடுக்கும்.

தளத்தில் என்னென்ன தேடினார்கள், எதற்கு விடை கிடைக்கவில்லை என்ற பதிவை இயக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். 'அனாட்டமி' என்று நாலு பேர் தேடி வெறுங்கையோடு போயிருந்தால், அங்காதிபாதத்தின் பொருள் புலத்தில் அந்தச் சொல்லையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.