பழைய கார் கிராங்க் புல்லி: கழற்றும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரில் டைமிங் பெல்ட் மாற்றப் போனாலும் சரி, முன்பக்க ஆயில் சீல் ஒழுகலை நிறுத்தப் போனாலும் சரி, முதலில் வழிமறிப்பது, எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டின் முனையில் மாட்டி வெளி பெல்ட்டுகளை ஓட்டும் சக்கரமான கிராங்க் புல்லியின் நடு போல்ட்தான். அதைக் கழற்றத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் பெரிய செலவு வருவது பெரும்பாலும் திரும்ப மாட்டுவதில் நடக்கும் தவறால்.

புல்லிக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு இரும்புக் கீ இருக்கும். புல்லியைச் சுற்ற வைப்பது அந்தக் கீதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீயின் முக்கிய வேலை புல்லியைச் சரியான நிலையில் உட்கார வைப்பது. ஆல்டர்னேட்டர், ஏசி, பவர் ஸ்டீயரிங் என்று எல்லாப் பாரத்தையும் தாங்குவது, போல்ட் இறுக்கிப் பிடிப்பதால் இரண்டு முகங்களுக்கும் இடையே உண்டாகும் பிடிப்பு. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்புக்கும் புல்லி கீயில் போய் இடிக்கும். கீ தேயும், அப்புறம் கீ உட்காரும் பள்ளம் அகலும். கீ நூறு ரூபாய்ச் சமாசாரம். பள்ளம் கிராங்க்கிலேயே வெட்டியது. அது போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். 1990, 91-ல் வந்த ஆரம்பகால மாஸ்டா மியாட்டா கார்கள் இந்தக் கோளாறுக்கே பேர் போனவை. பின்னால் மாஸ்டா கிராங்க்கின் மூக்கை, அதாவது புல்லி மாட்டும் முனையை, நீளமாக்கி, போல்ட்டையும் பெரிதாக்கியது.

கழற்றும்போது நடக்கும் முதல் தவறு, எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றும் என்று பார்க்காமல் ஸ்டார்ட்டரை அடிப்பது. போல்ட்டில் நீளமான கம்பியை மாட்டி, அதைச் சேசிஸில் முட்டுக்கொடுத்து, சாவியை ஒரு தட்டுத் தட்டுவார்கள். புல்லிப் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள் போலச் சுற்றும் எஞ்சினில் போல்ட் விட்டுவிடும். 1998-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியின் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும். அதில் இதைச் செய்தால் போல்ட் இன்னும் இறுகும். எந்த எஞ்சினாக இருந்தாலும் இந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து. கம்பி நழுவினால் கையையோ ரேடியேட்டரையோ பதம் பார்த்துவிடும்.

கிராங்க்கைப் பிடித்து நிறுத்துவதற்கு முறையான கருவி உண்டு. 90-களின் ஹோண்டா புல்லிகள் பலவற்றில் நடுவே 50 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும். அதில் உட்காரும் ஹோல்டரை வாங்கிவிடலாம். கருவி கிடைக்காதபோது, மேனுவல் கியர் காரில் டாப் கியர் போட்டு ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லலாம். டைமிங் பெல்ட்டின் மறுமுனையில் இருக்கும் கேம் சக்கரத்தைப் பிடித்து, அந்த பெல்ட்டின் பலத்தில் போல்ட்டைத் திருப்பவே கூடாது. பெல்ட்டின் பற்கள் அந்த இழுவைக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஃப்ளைவீல் பல்லில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகுவதும் அப்படித்தான், பல் உடையும். காற்றழுத்தத்தில் போல்ட்டை அடித்தடித்துத் திருப்பும் ஏர் கன் கழற்றுவதற்கு நல்லது. ஆறு பக்க பாக்ஸும், குட்டையான, தடித்த எக்ஸ்டென்ஷனும் போடுங்கள். மெலிந்த நீளக் கம்பி அடியின் பலத்தை விழுங்கிவிடும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு இந்த போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

போல்ட் வந்த பிறகு புல்லி கையோடு வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். நிறைய புல்லிகள் உள் மையம், வெளி வளையம், நடுவில் ரப்பர் என்று மூன்றடுக்காக இருக்கும். மூன்று கால் புல்லரை வெளி விளிம்பில் மாட்டி இழுத்தால் ரப்பர் கிழியும். மையத்தில் மரை போட்ட துளைகள் இருந்தால் அதில் போல்ட் திருகித்தான் இழுக்க வேண்டும். காஸ் டார்ச் வைத்தால் ரப்பரும் போகும், சீலும் போகும். ஓங்கி அடித்தால் அந்த அடி உள்ளே, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் வரை போய்ச் சேரும்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். கீ பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புல்லியைத் தள்ளும்போது கீ ஓரமாக ஏறி நின்றுவிட்டால், போல்ட் இறுகியது போலத் தோன்றும், புல்லியோ சாய்ந்திருக்கும். ஒட்டும் முகங்களில் துருவோ, பெயின்டோ, எண்ணெயோ இருக்கக் கூடாது. பிடிப்பு அங்கேதானே வேண்டும். போல்ட் மரைக்கு எண்ணெய் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒரே டார்க்கில் (திருப்பு விசையில்) இறுக்கினாலும், எண்ணெய் போட்ட மரை உலர்ந்த மரையைவிட போல்ட்டை அதிகம் இழுக்கும். புதுசு போடச் சொல்லியிருந்தால் பழைய போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

ஏர் கன்னால் இறுக்கிவிட்டு "போதும்" என்பது மிகப் பெரிய தவறு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த போல்ட்டைத் தொடாதீர்கள். 1996 முதல் 2000 வரையிலான ஹோண்டா சிவிக்கின் டி வரிசை எஞ்சினுக்குப் புத்தகம் சொல்வது 181 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் கம்பியின் முனையில் சுமார் 37 கிலோ தொங்கவிட்டதற்குச் சமம். கை மதிப்பில் அது வராது. சில எஞ்சின்களுக்கு முதலில் குறைந்த டார்க், அப்புறம் இத்தனை டிகிரி திருப்பு என்று இருக்கும். அந்தக் கோணத்தையும் விடக் கூடாது.

முடித்ததும் புல்லியின் முகத்தில் மையத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். சில வாரம் கழித்துக் கோடு முறிந்து நின்றால் ரப்பர் வழுக்குகிறது, புல்லியை மாற்ற வேண்டும். டைமிங் குறி வெளி வளையத்தில் இருக்கும் எஞ்சினில் அதை நம்பி இக்னிஷன் டைமிங் வைத்தால் அதுவும் தப்பாகும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு எட்ட நின்று பாருங்கள். புல்லி நேராகச் சுற்ற வேண்டும். ஆட்டம் தெரிந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கழற்றுங்கள்.