தோட்டத்துப் பெயர்களைப் படமாக வரைவது எப்படி

1824இல் தொடங்கிய நில அளவை, அயர்லாந்தின் ஐரிஷ் ஊர்ப்பெயர்களை ஆங்கில வாய்க்கு ஏற்ப மாற்றி எழுதியது. அவற்றைக் கையால் வரைந்த படங்களில் மீட்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது. இலங்கை மலையகத்தின் பல தேயிலைத் தோட்டங்களிலும் பெயர்ப்பலகையில் ஸ்கொட்லாந்துப் பெயர், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வேறு பெயர். அந்த லயத்துப் பெயர்களுக்கான படம் இது.

தோட்டத்தின் ஒரு டிவிஷனை (பிரிவை) மட்டும் எடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தைப் போட்டோகொப்பி எடுத்து 5 மி.மீ. கட்டம் போடுங்கள். கீழே சொல்வதுபோல் முதலிலேயே தேயிலைச் சாயம் பூசிக் காயவைத்த, 200 ஜிஎஸ்எம் தடிப்புள்ள ஏ2 தாளில் அதையே 5 செ.மீ. கட்டமாக்கினால் 1:5,000, ஏறக்குறைய 2 கி.மீ.க்கு 3 கி.மீ. அடங்கும். ஆறு, ரோடு, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), லயங்களை முதலில் இறக்குங்கள். மற்றதை நடந்து அளக்கும்போது ஏற்றம் ஏமாற்றும்: 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் நடந்தால் படத்தில் 87 மீட்டர்தான்.

“இந்த இடத்துக்குப் பேர் என்ன?” என்று லயத்து அம்மாயியிடம் (பாட்டியிடம்) கேட்டால் பாதிகூட வராது. வழியைக் கேளுங்கள். “பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கு எப்படிப் போவீங்க? பீலிக்கரை எந்தப் பக்கம்? ரோதைமுனிக்கு எங்க படைச்சீங்க?” பெரட்டுக் களம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம், பீலிக்கரை தண்ணீர் பிடிக்கும் இடம், ரோதைமுனி தொழிற்சாலை இயந்திரத்தின் காவல் தெய்வம். வழி சொல்லும்போதே பெயர்கள் விழும். சொன்னபடியே எழுதுங்கள், பாடப்புத்தகத் தமிழாக்கிவிட்டால் அடுத்த லயத்தாருக்கே அடையாளம் தெரியாது. இருவர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டும் இருக்கட்டும். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா போன்ற இடங்களைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள். காணி எல்லை மட்டும் போடவே வேண்டாம். படம் வழக்கில் இழுபடும்.

நிறத்துக்குத் தேயிலையே போதும். 200 மி.லீ. தண்ணீரில் 4 தேக்கரண்டி டஸ்ட் (தூள் தேயிலை) போட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்து வடியுங்கள். தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப்பால் ஒட்டி, எதையும் வரையுமுன் பூசுங்கள். ஒட்டாவிட்டால் தாள் நெளியும். அடுப்படியில் காயவைத்தால் புகைக்கறை ஏறும். அரைக் கோப்பை வினாகிரியில் துருப்பிடித்த ஆணிகள் நாலைந்தை ஒரு வாரம் ஊறவிட்டு, அந்த நீரில் சில துளிகளைக் கடும் சாயத்தில் விட்டால் கறுப்பு மை கிடைக்கும். இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது. ஆனால் காலப்போக்கில் தாளை அரிக்கும். மரம், பாறைக்கு மெல்லிதாகத் தொட்டுவிடுங்கள். பெயர்களுக்கு நீரில் கரையாத இந்தியன் இங்க்தான். ஜெல் பேனா மலைநாட்டு ஈரத்தில் ஊறிப் பரவக்கூடும்.

லெமினேட் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் சிக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு நினைவுக்கு வரும் பெயரையும் எழுத முடியாது. மூலத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, பிரதிகளை லயத்துக்கு லயம் பென்சிலோடு கொடுங்கள்.